சங்குமுகத்தில் எரிய இருந்த விமானம்

"கூட ஆரும் இல்லையோ?" என்று கேட்டார் தம்பானூர் லாட்ஜின் மேனேஜர்.

இல்லை என்றேன்.

"பர்த்தாவு பின்னால வருமோ?"

வரமாட்டார், திருச்சியில் பிள்ளைகளுக்குத் தோசை சுட்டுக்கொண்டிருக்கிறார் என்றேன். வந்த காரியம் என்ன என்றார். விமானம் பார்க்க வந்தேன் என்றதும் அவர் முகம் தெளிந்தது. கல்ஃபிலிருந்து யாரோ வருகிறார்கள் என்று நினைத்துவிட்டார். யாரும் வரவில்லை, விமானத்தை மட்டும்தான் பார்க்கப் போகிறேன் என்று விளக்கினேன். சற்று யோசித்துவிட்டு, தம் மேசைக்கு நேர் எதிரே இருந்த அறையின் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

அது எழுபதுகளின் கடைசி. நான் திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். பழைய விமானங்களில் எது எங்கே மிச்சமிருக்கிறது என்று தேடிப் பார்த்துக் குறித்துவைப்பது என் பொழுதுபோக்கு. என்னைப் போல நாடெங்கும் ஒரு சிறு கூட்டம் உண்டு. கூட்டத்துக்குப் பெயரும் இல்லை, தலைவரும் இல்லை. பெங்களூரில் ஒரு பல் டாக்டர், நாக்பூரில் ஒரு ரயில்வே கார்டு, பம்பாயில் ஒரு பார்சிக் கிழவர் என்று அங்கங்கே ஆட்கள். எந்தக் கல்லூரி வளாகத்தில் எந்த டகோட்டா விமானம் மழையில் நனைகிறது, எந்தப் பூங்காவில் சிமெண்டு மேடை மேல் நிற்பது அசல், எது தகரத்தில் அடித்த நகல் என்று ஒருவருக்கொருவர் தபால் அட்டை எழுதிக்கொள்வோம். நகல் என்றால் எங்களுக்கு இளக்காரம் கிடையாது. அதையும் குறித்துக்கொள்வோம். ஆனால் அசலைப் போய் நகல் என்று எழுதிவிட்டால், அடுத்த நாளே யாராவது அதை உடைத்து விறகாக்கினாலும் கேட்க ஆளிருக்காது.

அப்படித்தான் எழுதியிருந்தார் மணி சார். கரமனையில் இருப்பவர், அரசு அலுவலகம் ஒன்றில் செக்ஷன் ஆபீசர். சங்குமுகம் கடற்கரையில் ஒரு சினிமாக் கம்பெனி விமானம் நிற்கிறது, பலகையும் பெயிண்டும், நகல் என்று எல்லோருக்கும் அட்டை அனுப்பிவிட்டார். எனக்கு மட்டும் ஒரு புகைப்படத்தையும் சேர்த்து அனுப்பினார். அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சிறகுகள் சமையலறை அலமாரித் தட்டு மாதிரி நேராக இருந்தன. அந்தச் சிறகுகள் பொய்தான். ஆனால் வாலின் வளைவு எனக்குத் தெரிந்த வளைவு. ஆள் உட்காரும் இடத்தில் பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு, கீல் வைத்து, கீழே மடங்கித் தொங்கியது. சினிமாவுக்கு விமானம் செய்யும் தச்சர் இவ்வளவு மெனக்கெட்டு அப்படியொரு கதவு வைப்பாரா? அது டைகர் மாத். போர்க்காலத்தில் விமானிகளுக்குப் பயிற்சி கொடுத்த இரட்டைச் சிறகு விமானம். நேரில் பார்த்தவர் அவர், படத்தில் பார்த்தவள் நான். இருந்தாலும் நான் சொல்வதுதான் சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கல்லூரிக்கு விடுமுறை விட்டதும் கிளம்பிவிட்டேன்.

முதல் நாள் சாயங்காலம் கரமனைக்குப் போனேன். திருச்சியில் மழை என்றால் வாசலுக்கு வந்து வேடிக்கை பார்ப்போம். இங்கே யாரும் தலைநிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. குடையை விரித்துக்கொண்டு பேசிக்கொண்டே போகிறார்கள். ஆற்றை ஒட்டிய அக்ரஹாரத்தில் மணி சாரின் வீடு. வீட்டுக்குள் நுழைந்தால் ரயில் பெட்டிக்குள் நடப்பது போல ஒரே நேர்கோடாகப் போய்க்கொண்டே இருக்கலாம். அவர் மனைவி கோமதி மாமி துண்டு கொடுத்தார்.

"துவட்டிக்கோங்கோ டீச்சர். இந்த ஊர்ல குடை பிடிக்கறது வெறுதே ஒரு மரியாதைக்கு."

எரிசேரியும் அப்பளமும் சிவப்பரிசிச் சோறும் போட்டார். சோற்றுப் பருக்கை ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவுக்கு இருந்தது. மணி சார் இலைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு வழக்கைத் தொடங்கிவிட்டார்.

"நான் கையால தொட்டுப் பாத்தாச்சு டீச்சர். தட்டியும் பாத்தாச்சு. பலகையாக்கும். உங்களுக்குப் போட்டோ கண்டு தோணறது, எனக்கு நேரே கண்டு தெரியும், கேட்டேளா?"

"உள்ளே பார்த்தீங்களா சார்?"

"உள்ளே என்னத்துக்குப் பாக்கணும்? வெளியிலே பலகைன்னா உள்ளேயும் பலகைதான்."

"உங்க ஆபீஸ் ஃபைல்ல மேல அட்டைதான் இருக்கு. உள்ளேயும் அட்டையா?"

மாமி சிரித்துவிட்டார். மணி சாருக்கு அது பிடிக்கவில்லை. மறுநாள் அரை நாள் விடுப்பு எடுத்து என்னை அழைத்துப் போவதாகவும், என் கண்ணாலேயே பார்த்துவிட்டு நானே எல்லோருக்கும் அட்டை எழுத வேண்டும் என்றும் சொன்னார். ஒப்புக்கொண்டேன்.

இரண்டாம் நாள், கிழக்கேகோட்டையிலிருந்து பேருந்து. காலைச் சாப்பாடு ஒரு டீக்கடையில் புட்டும் கடலையும். பக்கத்தில் இருந்த இருவர் ஒரே பத்திரிகையை ஆளுக்கொரு தாளாகப் பிரித்து வைத்துக்கொண்டு மந்திரிசபை கவிழுமா கவிழாதா என்று சண்டை போட்டார்கள். ஒருவர் என் பக்கம் திரும்பி, தமிழ்நாட்டில் நிலைமை எப்படி என்று கேட்டார். மழை இல்லை என்றேன். நான் பேச்சை மாற்றுகிறேன் என்று அவர் வருத்தப்பட்டார்.

சங்குமுகத்தில் கடலுக்கும் விமான நிலையத்துக்கும் நடுவே, மணலில் கம்பி வேலி போட்டு, ஒரு ஓலைக் கொட்டகை, ஒரு ஜெனரேட்டர், விமானம். கிட்டே போய்ப் பார்த்தேன். பக்கங்களில் எல்லாம் மெல்லிய பலகை அடித்துப் பச்சை பூசியிருந்தார்கள். மூக்கில் இயந்திரம் இல்லை. காற்றாடி சுழல்வதற்காக ஒரு பழைய அம்பாசடர் காரின் டைனமோவை உள்ளே கட்டிவைத்திருந்தார்கள். மணி சார் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

தயாரிப்பு நிர்வாகி குட்டப்பன் என்பவர் எங்களைத் தடுத்தார். மலையாளப் படமெல்லாம் அப்போது சென்னையில்தானே எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் கோடம்பாக்கத்தில் பல வருஷம் இருந்தவர், தமிழ் நன்றாகவே பேசினார்.

"டீச்சரே, இது சினிமாவாக்கும். இங்கே எல்லாம் டூப்பு. கதாநாயகிக்கு முடி டூப்பு, வில்லனுக்குப் பல்லு டூப்பு. இந்த விமானம் மட்டும் ஒரிஜினலா இருக்குமோ?"

"அஞ்சு நிமிஷம் உள்ளே பார்த்துக்கிறேன்."

"பாத்தோ. ஞாயிற்றுக்கிழமை வைகுன்னேரம் எரிக்கப் போறதுதானே."

ஞாயிறு மாலை எரிக்கப் போகிறீர்களா, எதற்கு என்று கேட்டேன். படத்தின் கடைசிக் காட்சியாம். கதாநாயகன் எதிரியோடு சேர்ந்து விமானத்திலேயே எரிந்து சாகிறான். மணி சாரும் சிரிப்பை நிறுத்திவிட்டார். அவருக்கும் இது தெரியாது.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கினேன். டார்ச் அடித்ததும் தெரிந்துவிட்டது. பலகைக்குப் பின்னால் இரும்புக் குழாய்கள், ஒன்றோடொன்று சேரும் இடத்தில் அழகான வெல்டிங். திசைகாட்டி இருந்த இடத்தில் வெறும் தாங்கி. அதன் கீழே ஒரு சின்னத் தகடு, மேலே பச்சைப் பெயிண்ட். கொண்டை ஊசியால் சுரண்டினேன். விமானத்தின் பதிவு எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. கடைசி எழுத்தும் வந்ததும் எந்த விமானம் என்று தெரிந்துவிட்டது. அந்த விமானத்தைப் பல வருஷங்களுக்கு முன்பே இல்லாமல் போனது என்று நாங்கள் கைவிட்டிருந்தோம்.

"மணி சார், வந்து பாருங்க."

அவர் தலையை மட்டும் உள்ளே நீட்டினார். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு வெளியே போய், "என்ஜின் இல்லை, சிறகு இல்லை. பாதி ஒரிஜினல்னு வேணும்னா சொல்லலாம்" என்றார். அந்த மனிதரிடமிருந்து பாதி வாங்கியதே பெரிது என்று விட்டுவிட்டேன்.

டைரக்டர் தாடி வைத்த இளைஞர். கடலைப் பார்த்தபடியே பேசுவார். இது எவ்வளவு அரிய பொருள் என்று மணி சார் எடுத்துச் சொன்னார். டைரக்டர் கொட்டாவி விட்டார். எனக்கு வேறு வழி தோன்றியது.

"இதை எரிச்சா உங்க காட்சி கெட்டுப்போகும்" என்றேன்.

அவர் முதல் முறையாக என்னைப் பார்த்தார்.

"உள்ளே இரும்புக் குழாய். பலகையும் துணியும் ரெண்டு நிமிஷத்தில் எரிஞ்சு விழுந்துடும். அப்புறம் எலும்புக்கூடு அப்படியே நிற்கும். உங்க கதாநாயகன் தியாகம் பண்ணி முடிக்கும்போது, கடற்கரையில் ஒரு இரும்புக் கட்டில் நிற்கிற மாதிரி இருக்கும்."

குட்டப்பன் மலையாளத்தில் ஏதோ முணுமுணுத்தார். தியேட்டரில் கூவிக் கேலி செய்வார்கள் என்று அர்த்தம்.

"மூங்கிலில் இதே மாதிரி ஒண்ணு செஞ்சு எரிங்க. முறிஞ்சு, சரிஞ்சு, முழுசா விழும்."

கொட்டகைக்கு ஓலை கட்டிக்கொண்டிருந்த ஒருவர் மேலிருந்தே குரல் கொடுத்தார். "வெடிக்கவும் செய்யும் சார்! கணுவுக்குக் கணு வெடி மாதிரி வெடிக்கும்!"

அவர்தான் முத்தையா. நாங்குநேரிப் பக்கத்துக்காரர். சாலைக் கம்போளம் என்ற கடைவீதியில் குடியிருந்துகொண்டு கல்யாணம், திருவிழா, தேர்தல் எல்லாவற்றுக்கும் பந்தல் போடுபவர். இறங்கி வந்து டைரக்டர் முன்னால் நின்றார்.

"விமானம் எங்களுக்குப் பரிசயம் உள்ள காரியம்தான் சார். எங்க ஊர்க் கோயில் விமானத்துக்குச் சாரம் கட்டுனதே எங்கப்பன்தான்."

டைரக்டர் யோசித்தார். பிறகு மலையாளத்தில் தீர்ப்புச் சொன்னார்: சனிக்கிழமை மாலைக்குள் மூங்கில் விமானம் தயாராக வேண்டும். கேமராவுக்கு வித்தியாசம் தெரியாவிட்டால் அசலை நாங்கள் எடுத்துக்கொள்ளலாம். தெரிந்தால், ஞாயிற்றுக்கிழமை அசல்தான் எரியும், இரும்புக் கட்டில் நின்றாலும் பரவாயில்லை. அசலை உடனே எடுத்துப்போகவும் முடியாது. ஞாயிறு மதியம்வரை கதாநாயகன் அதில் ஏறும் காட்சிகள் பாக்கி இருந்தன.

விமானம் எங்கே கிடைத்தது என்று குட்டப்பனிடம் கேட்டேன். வித்துராவில் ஒரு மர டிப்போவில் கிடந்ததாம். சிறகு இருந்ததா? "ஆர்க்கறியாம்?" என்று கையை விரித்தார்.

மூன்றாம் நாள் நான் தனியாக வித்துராவுக்குக் கிளம்பினேன். மணி சாருக்கு ஆபீசில் விடுப்பு கிடைக்கவில்லை. முத்தையா மூங்கில் வாங்கப் போயிருந்தார். பேருந்தின் ஜன்னல்களுக்குக் கண்ணாடி இல்லை, தார்ப்பாய்தான். மழை வந்ததும் கண்டக்டர் ஒரு குரல் கொடுத்தார், எல்லோரும் ஒரே நேரத்தில் கயிற்றை அவிழ்த்துப் பாயை இறக்கினார்கள். உள்ளே இருட்டாகிவிட்டது. நெடுமங்காடு தாண்டி ஏற்றத்தில் வண்டி நின்றுபோனது. ஆண்கள் எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். நானும் இறங்கினேன். "டீச்சர் வேண்டா, டீச்சர் ஏறிக்கோ" என்று ஒரே சத்தம். சாய்தளத்தில் எவ்வளவு விசை வேண்டும் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதுகிறவள் நான். அன்றுதான் தோளால் அதை உணர்ந்தேன்.

வித்துரா சந்தையில் பழம்பொரி தின்றுகொண்டிருந்தபோது, போனக்காடு எஸ்டேட் லாரிக்காகச் சில பெண்கள் காத்திருந்தார்கள். தேயிலை பறிக்கும் தமிழ்ப் பெண்கள். மர டிப்போவுக்கு வழி கேட்டேன்.

"அங்க என்ன சோலி அக்கா?" என்றாள் ஒருத்தி.

"பழைய விமானத்தோட சிறகைத் தேடி வந்தேன்."

அவள் தன் கூட்டாளியைப் பார்த்தாள். "ஏட்டி, முதலாளி ஆட்டுக்கொட்டகை மேல போட்டிருக்காரே, அந்த நீளமான சட்டமா இருக்கும். ஓலைக்கு அடியில பாருங்க அக்கா."

ஓலைக்கு அடியில்தான் இருந்தது. மர டிப்போக்காரர் ஹமீது என்னைக் கொட்டகைக்குள் அழைத்துப் போனார். ஆடுகளுக்கு நடுவே அண்ணாந்து பார்த்தேன். துணி ஒரு இழைகூட மிச்சமில்லை. ஆனால் நான்கு சிறகுகளின் மரச் சட்டங்களும் அப்படியே, புகைபிடித்துக் கறுத்து, ஓலையைத் தாங்கிக்கொண்டிருந்தன. போருக்குப் பின் ராணுவ ஏலத்தில் லாரி டயர்கள் எடுத்தபோது கூடவே தலையில் கட்டிய சாமான் என்றார்.

"இத எனக்குத் தருவீங்களா?"

அவர் வானத்தைக் காட்டினார். மலையாளத்தில் அவர் சொன்னது இது: டீச்சருக்குத் தருவதில் எனக்குக் கஷ்டமில்லை, ஆனால் ஆடு நனையக்கூடாது.

புதுக் கூரை போட்டுத் தருகிறேன் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். முத்தையாவைக் கேட்காமலேயே முத்தையா சார்பில் நாளும் குறித்தேன். ஹமீது எனக்குச் சுக்குக் காப்பி கொடுத்து, பேருந்து நிற்கும் இடம்வரை வந்து வழியனுப்பினார்.

வெள்ளிக்கிழமை வேலை மும்முரம். முத்தையா மூங்கிலை நெருப்பில் காட்டி வளைத்தார். அசலுக்குப் பக்கத்திலேயே நகல் எழும்பியது. நான் அளவு சொல்லச் சொல்ல அவர் தலையாட்டுவார், பிறகு தம் இஷ்டத்துக்குச் செய்வார். மதியம் வந்து பார்த்தால் வால் பகுதி தேர் மாதிரி உப்பியிருந்தது.

"இது என்ன முத்தையா?"

"வெறும வளைச்சா சோபிக்காது டீச்சரம்மா. கொஞ்சம் எடுப்பா இருக்கட்டும்னு வச்சேன்."

"பறக்கிறதுக்கு எடுப்பு வேண்டாம். பிரிங்க."

"இது எங்க பறக்கப் போவுது? எரியத்தான போவுது?"

நியாயமான கேள்விதான். ஆனாலும் பிரிக்கவைத்தேன். அவர் என்னோடு பேசாமல் வேலை செய்தார். சாப்பாட்டு நேரத்தில் மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் வாங்கிவந்து முதல் இலையை அவருக்கு வைத்தபிறகுதான் சமாதானம் ஆனார். வித்துரா ஆட்டுக்கொட்டகை விஷயத்தையும் அப்போதே சொல்லிவிட்டேன். கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னை உற்றுப் பார்த்தார். "திருச்சியில எல்லாரும் இப்படித்தானா?" என்றார்.

சனிக்கிழமை மூங்கில் மேல் சாக்கைச் சுற்றி, அதன் மேல் காடாத் துணியை மைதாப் பசையால் ஒட்டி, பச்சை பூசினோம். மதியம் கடலிலிருந்து மழை வந்தது. தார்ப்பாய் போடுவதற்குள் துணி நனைந்து தொப்பையாகத் தொங்கியது. மாலை டைரக்டர் வந்துவிடுவார். குட்டப்பன் கண்ணை மூடி ஏதோ வேண்டிக்கொண்டார். வேண்டுதலுக்கு நேரமில்லை.

"சூடு வேணும் முத்தையா. ஆனா தீ கூடாது."

அவர் ஒரு கணம் நின்றார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தார். திரும்பி வரும்போது ஒரு ஆட்டோ நிறைய ஆட்கள். தையற்கடைகளிலும் சலவைக் கடைகளிலும் இருந்து கரி இஸ்திரிப் பெட்டியோடு வந்திருந்தார்கள். அவர்கள் விமானத்தைச் சுற்றி நின்று தேய்த்தார்கள். ஆவி பறந்தது. ஒருவர் வாலின் ஓரத்தைக் காலர் போல மடித்து அழுத்தினார். விமானத்துக்கு இஸ்திரி போட்டதை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

டைரக்டர் கேமரா வழியாகப் பார்த்தார். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "எது எது?" என்று கேட்டார். முத்தையா மார்பில் கைகளைக் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றார்.

அந்தக் கேள்வியே மறுநாள் வினையாக வந்தது.

ஞாயிறு மாலை சங்குமுகத்தில் ஊரே திரண்டிருந்தது. மாலை விமானம் ஒன்று தலைக்கு மேல் தாழ வந்து தரையிறங்கியபிறகுதான் தீ வைக்கலாம் என்று ஏற்பாடு. மணி சார் மாமியோடு வந்திருந்தார். நான் சற்றுத் தள்ளி, சிறகுகளை எப்படிப் பத்திரமாக இறக்குவது என்று முத்தையாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். விமானம் தரையிறங்கிய இரைச்சல் அடங்கியது. உடனே கடற்கரையில் ஒரு கூச்சல்.

"இது ஒரிஜினலாக்கும்! இது ஒரிஜினல்! தொட்டா கொன்னுடுவேன்!"

திரும்பிப் பார்த்தால், மணி சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விமானத்துக்குள் ஏறி உட்கார்ந்திருக்கிறார். சுற்றிலும் உதவியாளர்கள் மண்ணெண்ணெய் டின்னோடு திகைத்து நிற்கிறார்கள். ஓடினேன். இரண்டும் ஒன்று போல இருந்ததால் தவறுதலாக அசலுக்குள் மண்ணெண்ணெய் நனைத்த சாக்குகளைத் திணித்துவிட்டார்கள். பந்தத்தைக் கூடக் கொளுத்திவிட்டார்கள். அதைப் பார்த்தவர் மணி சார் ஒருவர்தான்.

குட்டப்பன் ஓடிவந்தார். "சாரே, இறங்கு! இதுதான் டூப்பு! டைரக்டர் சொல்லியாச்சு!"

"டைரக்டருக்கு என்ன தெரியும்? நான் சொல்றேன், இது அசல்! வாலைப் பாரு, இந்தக் கதவைப் பாரு, உள்ளே கம்பியைத் தட்டிப் பாரு!" பலகையை ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். உள்ளே இரும்பு கணீரென்றது.

"மணி சார் சொல்றது சரி!" என்று நானும் கத்தினேன். பந்தத்தைப் பிடித்திருந்தவன் பின்வாங்கினான். முத்தையா சாக்குகளை இழுத்து இழுத்து வெளியே போட்டார். அதற்குப் பிறகும் மணி சார் இறங்கவில்லை. மூங்கில் விமானம் தீப்பிடித்து எரியும்வரை இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அப்படியே அசலைப் பத்து ஆட்கள் அவரோடு சேர்த்துத் தள்ளி, கேமராவுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். கூட்டம் கைதட்டியது. இதுவும் படத்தில் ஒரு காட்சி என்று நினைத்திருப்பார்கள்.

மூங்கில் விமானம் எரிந்தது. முத்தையா சொன்னபடியே கணுவுக்குக் கணு வெடித்தது. முதலில் ஒரு சிறகு முறிந்தது, பிறகு மற்றது, கடைசியில் மூக்கு மணலில் குத்திச் சரிந்தது. டைரக்டர் வாயைத் திறந்தபடி நின்றார். கூட்டத்தில் சில பெண்கள் அழுதார்கள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கூட இருந்து கட்டியவளுக்கு அது இருக்காதா? முத்தையா மட்டும் குஷியாக, "பாத்தியளா, தேர் மாதிரி வச்சிருந்தா இன்னும் சோபிச்சிருக்கும்" என்றார்.

விடிவதற்குள் அசலை எடுத்துப்போய்விட வேண்டும் என்றார் குட்டப்பன். எங்கே? மணி சாரும் நானும் அதுவரை யோசிக்கவே இல்லை. பல் டாக்டருக்குத் தந்தி அடிக்கலாமா, ஏதாவது கல்லூரியைக் கேட்கலாமா என்று குழம்பிக்கொண்டிருந்தோம். மாமி விமானத்தின் மூக்கிலிருந்து வால்வரை ஒரு நடை நடந்தார். அகலத்துக்குக் கையை விரித்துப் பார்த்தார்.

"நம்மாத்துக்குக் கொண்டு வந்தா என்ன?"

"கோமதி, வாசல்ல நுழையுமா?"

"நம்ம கல்யாண பீரோ நுழைஞ்சதே. இது அதைவிட ஒல்லியாத்தான் இருக்கு. நேரா உள்ளே விட்டுக் கொல்லையிலே எடுத்தா மதி, போறும். அங்கே இவரைக் கொண்டு ஒரு கொட்டகை போடச் சொல்லுங்கோ." முத்தையாவைக் காட்டினார். முத்தையா என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

திங்கட்கிழமை காலை கரமனைத் தெரு முழுவதும் வாசலில் நின்றது. பொய்ச் சிறகுகளையும் பலகையையும் பிரித்து, சக்கரங்களைக் கழற்றி, சாக்கு சுற்றி, வாலை முன்னால் விட்டு வீட்டுக்குள் நுழைத்தோம். "மெல்ல, மெல்ல, சுவரிலே இடிக்காதே" என்று எதிர்வீட்டு மாமா மலையாளத்திலும் தமிழிலும் மாறி மாறி ஆணையிட்டார். கூடத்து ஊஞ்சலைக் கழற்ற வேண்டியிருந்தது. ஒரு கட்டத்தில் வால் அடுக்களை வாசலிலும் மூக்கு ரேழியிலுமாக விமானம் சிக்கிக்கொண்டது. தூக்கியவர்கள் மூச்சு வாங்க அப்படியே இறக்கிவைத்துவிட்டு மோர் குடிக்கக் கொல்லைக்குப் போனார்கள். விடியுமுன்பே ஆட்களோடு வித்துராவுக்குப் போன முத்தையா ஆட்டுக்கொட்டகைக்குக் கூரை மாற்றிக்கொண்டிருக்கிறார், சிறகுகள் வரும் லாரி சாயங்காலத்துக்குள் வந்துவிடும் என்று ஆள் வந்து சொன்னான்.

கூடத்தில் மாமியும் மணி சாரும் நானும் மட்டும். மாமி விமானத்தின் பக்கக் கதவைத் திறந்து பார்த்தார். முன்னால் ஒரு இருக்கை, பின்னால் ஒரு இருக்கை.

"ரெண்டு சீட் இருக்கே. இதுல ஓட்டறவா எதுல உக்காருவா?"

மணி சார் தொண்டையைச் செருமிக்கொண்டு விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். நான் முந்திக்கொண்டு, "ஓட்டறவங்க பின்னாலதான் உட்காருவாங்க, மாமி" என்றேன்.

மாமி மடிசாரைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை உள்ளே வைத்து, பின்னிருக்கையில் ஏறி அமர்ந்தார். வளையலைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுக்கொண்டு, கீழே நின்ற கணவரைப் பார்த்தார்.

"என்ன நிக்கறேள்? முன்னாடி ஏறி உக்காருங்கோ."

மணி சார் ஏறி உட்கார்ந்தார்.